வளைவு முடிந்தும் ஸ்டியரிங் நேராகவில்லையா? பழைய லாரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளைவில் திரும்பிய லாரி நேர்ச்சாலைக்கு வந்ததும் பிடியைத் தளர்த்தினால், ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வர வேண்டும். அப்படி வராமல் திருப்பிய இடத்திலேயே நின்றால், ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து நேராக்க வேண்டும். நேர்ச்சாலையிலும் வண்டி இடமும் வலமுமாக அலையும். இரவெல்லாம் ஓட்டுகிறவருக்கு இது தோள்வலியோடு போகிற விஷயமில்லை, உயிர் சம்பந்தப்பட்டது. டாடா 1613, லேலண்ட் டாரஸ் போல முன் ஆக்சில் ஒரே பீமாகப் பட்டைக்கு (இலை ஸ்பிரிங்குக்கு) கீழே அமைந்த பழைய வண்டிகளில் இந்தக் கோளாறு அடிக்கடி வருகிறது. அதைவிட அடிக்கடி, கோளாறு இல்லாத இடத்தைக் கழற்றிப் பணம் கரைகிறது.

சக்கரத்தை நேராக்குவது பாக்ஸின் (ஸ்டியரிங் கியர் பாக்ஸின்) வேலை இல்லை. முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங் பின்னின் மேல்முனை சற்றுப் பின்பக்கம் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வுதான் காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் இதே காரணத்துக்குத்தான். கிங் பின் பக்கவாட்டில் உட்புறமாகச் சாய்ந்திருப்பதும், வண்டியின் முன்பாரமும் இதற்குத் துணை. ஆகவே ஸ்டியரிங் திரும்பி வரவில்லை என்றால் இரண்டில் ஒன்று: நேராக்கும் விசை குறைந்துவிட்டது, அல்லது வழியில் ஏதோ ஒன்று இறுகிப் பிடிக்கிறது. எது என்று தெரியாமல் ஸ்பானரை எடுப்பதுதான் முதல் தவறு.

பாக்ஸ் ஸ்குருவில் கை வைப்பது

ஸ்டியரிங்கில் பிளே (வெற்று ஆட்டம்) இருக்கிறது என்று சொன்னவுடன் பாக்ஸ் மேல் உள்ள அட்ஜஸ்ட்மென்ட் ஸ்குருவை முடுக்கிவிடுகிறார்கள். இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் எண்டிலும், பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்கிலும் உள்ள தேய்மானத்தைப் பாக்ஸை இறுக்கி மறைக்கப் பார்க்கும் வேலை இது. பாக்ஸுக்குள் பற்கள் நேர்நிலையில் நெருக்கமாகவும் இரு பக்கமும் சற்றுத் தளர்வாகவும் பொருந்தும்படிதான் செய்யப்பட்டிருக்கும். அதை மேலும் முடுக்கினால் நடுவில்தான் முதலில் இறுகும். வளைவிலிருந்து வரும் ஸ்டியரிங், நடுவை நெருங்கும்போது அங்கேயே மாட்டிக்கொண்டு நின்றுவிடும்.

கோணலான நிலையில் வைத்து முடுக்குவது அதைவிட மோசம். அங்கே சரியாகத் தோன்றும் இறுக்கம், நேர்நிலைக்கு வந்ததும் பூட்டுப் போட்டது போலாகிவிடும். அட்ஜஸ்ட் செய்தே ஆக வேண்டும் என்றால், டிராக் லிங்க்கைக் கழற்றி, இன்ஜினை நிறுத்தி, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணிச் சரிபாதியில் நிறுத்துங்கள். லாக் நட்டைத் தளர்த்தி, பாக்ஸிலிருந்து வெளியே வரும் கையான டிராப் ஆர்மில் லேசான ஆட்டம் தெரியும்வரை ஸ்குருவைத் தளர்த்துங்கள். பிறகு ஆட்டம் மறையும் இடம்வரை மட்டும் கொண்டுவந்து, ஸ்குரு நகராமல் பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். கடைசி அளவை அந்தப் பாக்ஸின் மேனுவல் சொல்கிறபடி வையுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, கோணலாக நிற்கும் ஸ்டியரிங் வீலைக் கழற்றி ஸ்ப்ளைன் (ஷாஃப்ட்டின் பல்வரிசை) மாற்றி மாட்டுவது. பார்வைக்கு நேராகிவிடும், ஆனால் பாக்ஸின் நடு வேறு இடத்திலேயே இருக்கும். வலப்பக்கம் ஒரு மாதிரி, இடப்பக்கம் ஒரு மாதிரி திரும்பி வரும். முதலில் பாக்ஸை அதன் நடுவில் நிறுத்தி, டிராப் ஆர்மின் குறியும் ஷாஃப்ட்டின் குறியும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டிராக் லிங்க்கின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ சக்கரத்தை நேராக்குங்கள்.

பிரித்துப் பார்க்காமல் பொருள் வாங்குவது

இறுக்கம் எங்கே என்று கண்டுபிடிக்க அரை நாள் போதும். சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, முன் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது.

டிராக் லிங்க்கை டிராப் ஆர்மிலிருந்து விடுவித்துச் சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். கோடிக்குக் கோடி சீராக, எங்கும் தடங்காமல் போக வேண்டும். தடங்கினால் டை ராடையும் ஒரு பக்கம் கழற்றி, இரண்டு சக்கரத்தையும் தனித்தனியே திருப்பினால் எந்தப் பக்கக் கிங் பின் என்று தெரிந்துவிடும். சக்கரங்கள் லேசாகப் போனால், கேபினில் ஏறி வெறும் ஸ்டியரிங்கைச் சுற்றிப் பாருங்கள். அங்கே இறுக்கம் தெரிந்தால், ஸ்டியரிங் வீலிலிருந்து இறங்கும் காலம் (column) ஷாஃப்ட்டைப் பாக்ஸிலிருந்து பிரித்து மறுபடியும் சுற்றுங்கள். இறுக்கம் அப்படியே இருந்தால் குற்றவாளி பாக்ஸ் இல்லை. துருப்பிடித்த யூனிவர்சல் ஜாயிண்ட்டோ காலம் புஷ்ஷோதான். மழைநீர் இறங்கும் பழைய கேபின்களில் இந்த ஜாயிண்ட் ஒரு திசையில் மட்டும் விறைத்துக்கொள்ளும். அரைச் சுற்றுக்கு ஒரு முறை கனத்தும் லேசாகியும் வந்தால், ஷாஃப்ட்டைக் கழற்றி மாட்டியபோது இரண்டு ஜாயிண்ட்டின் கவைகளும் ஒரே வரிசையில் அமையவில்லை என்று சந்தேகிக்கலாம்.

பவர் ஸ்டியரிங் வண்டி என்றால் இன்னும் ஒரு சோதனை உண்டு. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, சக்கரம் தூக்கிய நிலையிலேயே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். டயர் பக்கம் யாரும் இருக்கக் கூடாது. யாரும் தொடாமலே ஸ்டியரிங் ஒரு பக்கமாக நகர்ந்தால், பாக்ஸுக்குள் இருக்கும் வால்வு சிக்குகிறது என்று அர்த்தம். அதை அதற்கான டெஸ்ட் பெஞ்ச் உள்ள இடத்தில்தான் சரிசெய்ய முடியும். அதற்கு முன் ஆயில் டேங்க் ஃபில்டரையும், ரிட்டர்ன் ஹோஸ் எங்காவது மடங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

நிப்பிளில் கிரீஸ் கன் வைத்தாலே கிரீஸ் உள்ளே போய்விட்டது என்று நினைப்பது

பழைய வண்டிகளில் அதிகம் மாட்டுவது கிங் பின்தான். சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சில், ஆக்சில் பீமோடு சேரும் இடுக்கைத் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே செங்கல் நிறப் பொடி ஒட்டியிருந்தால் உள்ளே கிரீஸ் போய் வெகுநாள் ஆகிறது. கன்னை அழுத்தும்போது நிப்பிளைச் சுற்றியே கிரீஸ் பிதுங்கி, இடுக்கு வறண்டே இருந்தால் வழி அடைபட்டிருக்கிறது. நிப்பிளைக் கழற்றினால் தார்போல் இறுகிய பழைய கிரீஸ் தெரியும். அதைக் கம்பியால் கிளறி எடுத்துப் புது நிப்பிள் போடுங்கள்.

வண்டி தரையில் நிற்கும்போது ஒரு முறையும் முன்பக்கத்தைத் தூக்கி வைத்து ஒரு முறையும் அடிப்பது நல்லது. பாரம் இருக்கும்போது அழுந்திக் கிடக்கும் த்ரஸ்ட் பேரிங்குக்குள் தூக்கினால்தான் கிரீஸ் நுழையும். மேலும் கீழும் புதுக் கிரீஸ் வெளியே வரும்வரை அடித்து, கோடிக்குக் கோடி பல முறை திருப்புங்கள்.

புதிதாகக் கிங் பின் செட் போட்ட பிறகு கோளாறு தொடங்கியிருந்தால், பொருத்திய விதத்தைப் பாருங்கள். மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும் தனித்தனியே ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் செதுக்கும் கருவி) போட்டால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் அமையாது; நீண்ட ரீமரால் சேர்த்தே போட வேண்டும். ஆட்டமே இருக்கக் கூடாது என்று ஷிம் (மெல்லிய இடைத்தகடு) அடைத்தாலும் த்ரஸ்ட் பேரிங் நசுங்கும். மேனுவல் சொல்லும் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்தே ஷிம் போட வேண்டும்.

அலைன்மென்ட் என்று டோ மட்டும் பார்ப்பது

டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்த்திருக்கும் அளவு, சரியாக இருந்தால் டயர் தேய்மானம் குறையும். ஸ்டியரிங்கை நடுவுக்குக் கொண்டுவரும் வேலை காஸ்டருடையது. "அலைன்மென்ட் பார்த்தாச்சு" என்று சொன்னால், காஸ்டர் எத்தனை டிகிரி என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் பார்க்கவில்லை.

இந்த வண்டிகளில் காஸ்டர் கெடுவது பெரும்பாலும் பட்டை வேலைக்குப் பிறகுதான். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு இருந்தால் அதன் தடித்த பக்கம் எப்படி இருந்தது என்று கழற்றும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். பட்டைக்குக் கீழே ஆக்சில் உள்ள அமைப்பில், தடித்த பக்கம் பின்னால் இருந்தால் காஸ்டர் கூடும். முன்னால் திருப்பிப் போட்டால் குறையும். ஒரே ஒரு தகடு திரும்பியதால் நல்ல பாக்ஸைப் பிரித்து மேய்ந்த கதை பட்டறைகளில் சகஜம்.

அதிக லோடுக்காகப் பின்பட்டையில் இலை சேர்ப்பதும் இதே கணக்குதான். வீல்பேஸ் 4.2 மீட்டர் உள்ள வண்டியில் பின்பக்கம் சுமார் 7 சென்டிமீட்டர் உயர்ந்தால், காஸ்டர் ஏறக்குறைய 1 டிகிரி குறையும். மொத்தமே சில டிகிரி உள்ள இடத்தில் இது பெரிய இழப்பு. முன்பட்டை தொய்ந்து வண்டி முன்னால் குனிந்தாலும் அப்படியே. எனவே ஆப்பு தேடும் முன் பட்டையின் உயரத்தை அளந்து பாருங்கள்.

இடமும் வலமும் காஸ்டர் வெவ்வேறாக இருந்தால், பட்டை இலைகளைச் சேர்த்துப் பிடிக்கும் செண்டர் போல்ட் அறுந்திருக்கிறதா, பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா, ஆக்சில் முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். முறுக்கிய ஆக்சிலை இரண்டு பக்கமும் வேறு வேறு ஆப்பு வைத்துச் சமாளிக்காதீர்கள். கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தவே கூடாது: சூடுபட்ட இடத்தில் இரும்பின் பதம் போய்விடும், அடுத்த பெரிய பள்ளத்தில் முறியலாம்.

ஓட்டிப் பார்ப்பதிலும் தவறு நடக்கிறது

காற்றுக் குறைந்த டயரோடோ, ஓரம் சரிந்த சாலையிலோ சோதித்தால் முடிவு தப்பாகும். முன்டயர் இரண்டிலும் ஒரே காற்று இருக்க வேண்டும். ஆளில்லாத சமமான திடலில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் திருப்பி, கையை முழுவதும் எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்துங்கள். இரு பக்கமும் செய்யுங்கள். வெறும் வண்டியில் ஒரு முறை, லோடோடு ஒரு முறை பாருங்கள். பாரத்தைப் பின்கோடியில் ஏற்றினால் முன்பக்கம் லேசாகி, நல்ல ஸ்டியரிங்கும் சோம்பலாகத்தான் திரும்பும்.

கழற்றிய டை ராடு, டிராக் லிங்க் நட்டுகளுக்கு ஒவ்வொரு முறையும் புது ஸ்பிளிட் பின் போடுங்கள். ஓட்டை பொருந்தவில்லை என்றால் நட்டை மேலும் இறுக்கித்தான் பொருத்த வேண்டும், தளர்த்தி அல்ல. யூ போல்ட்டுகளை முதல் லோடு முடிந்து வந்ததும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.