கடற்கரை ஊரில் ராஸ்பெரி பை சேமிப்புப் பெட்டி: கரண்டுக்கும் உப்புக்காற்றுக்கும் தாங்கும்படி அமைப்பது

குடும்பப் புகைப்படங்கள், பத்திர ஸ்கேன்கள், பிள்ளைகளின் பாட வீடியோக்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க, உள்ளங்கையளவு கணினியான ஒரு ராஸ்பெரி பை 4-ம் இரண்டு டிஸ்க்குகளும் போதும். லினக்ஸ் நிறுவுவது அரை மணி வேலை. கடலூரிலும் புதுச்சேரியிலும் இந்தப் பெட்டிகளைச் சாகடிப்பது போய்ப் போய் வரும் கரண்டும், தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் பக்கம் வீசும் உப்புக்காற்றும்தான். அதனால் மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள்.

4 ஜிபி ரேம் உள்ள பை 4 தாராளம். 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் கட்டாயம். போன் சார்ஜரைச் செருகினாலும் ஓடத்தான் செய்யும். ஆனால் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் வோல்டேஜ் சரியும், டிஸ்க் விட்டுப்போய் மறுபடி ஒட்டும், அப்போது எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாழாகும். பை 4-ன் நான்கு யுஎஸ்பி போர்ட்டும் சேர்ந்து தருவதே 1.2 ஆம்பியர். ஒரு 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் கிளம்பும்போதே ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுத்துவிடும். ஆகவே முதன்மை டிஸ்க்காக 1 டிபி எஸ்எஸ்டியும், பேக்கப்புக்குத் தனி 12 வோல்ட் அடாப்டரோடு வரும் 3.5 அங்குல டிஸ்க்கும் வாங்குங்கள். பை 5 என்றால் 5 ஆம்பியர் அடாப்டர். 3 ஆம்பியரைச் செருகினால் அது யுஎஸ்பிக்கு 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும்.

எல்லாம் மாட்டி, லினக்ஸும் ஏற்றிய பிறகு, வோல்டேஜ் சரிந்ததா என்று காட்டும் 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு' (vcgencmd get_throttled) கட்டளையை ஓட்டுங்கள். பூஜ்யம் வந்தால் நல்லது. கடைசி ஐந்து இலக்கம் 50000 என்றால், பெட்டியை ஆன் செய்த பிறகு எப்போதோ வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கியிருக்கிறது. 50005 என்றால் இந்த நொடியும் அப்படித்தான். அடாப்டர் சரியாக இருந்தும் இப்படி வந்தால் மெல்லிய, நீளமான கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்புற சுவிட்சைப் பாருங்கள். நார்மல் மோடில் கரண்ட் மாறும் இடைவெளி அதிகம், பை ரீஸ்டார்ட் ஆகிவிடும். யூபிஎஸ் மோடில் வையுங்கள். ஒரு விலை உண்டு: லோ வோல்டேஜ் வரும் மாலைகளில் அந்த மோட் சீக்கிரமே பேட்டரிக்குத் தாவும். பேட்டரி தீரப்போவதை இன்வெர்ட்டர் பையிடம் சொல்லாது என்பதும் நினைவில் இருக்கட்டும். யுஎஸ்பி தகவல் கேபிள் உள்ள கம்ப்யூட்டர் யூபிஎஸ் வாங்கி, 'நட்' (NUT) என்ற மென்பொருளை நிறுவினால் பேட்டரி தீருமுன் பெட்டி தானே ஷட்டவுன் ஆகும். வாங்குமுன் அந்த மாடல் நட்டின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எஸ்டி கார்டில் ராஸ்பெரி பை லினக்ஸின் 64 பிட் லைட் பதிப்பை ஏற்றும்போதே, அதைக் கார்டில் எழுதும் இமேஜர் மென்பொருளின் அமைப்புகளில் பயனர் பெயர், கடவுச்சொல், எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து உள்ளே போகும் வழி) மூன்றையும் கொடுத்துவிடுங்கள். 2022 ஏப்ரல் முதல் 'பை' என்ற இயல்பான பயனர் கிடையாது. விட்டுவிட்டால் மானிட்டர் இல்லாமல் உள்ளே போக முடியாது. கார்டு, ஓயாமல் எழுதினாலும் தாங்கும் 'என்டூரன்ஸ்' வகையாக இருக்கட்டும்.

டிஸ்க்குகளை லினக்ஸின் எக்ஸ்ட்4 (ext4) முறையில் ஃபார்மட் செய்யுங்கள். கடையிலிருந்து வந்தபடியே எக்ஸ்ஃபேட்டில் விடாதீர்கள். அதில் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்பே குறித்துவைக்கும் பதிவு) கிடையாது, கரண்ட் கட்டை அது தாங்காது. எந்த டிஸ்க் எந்த ஃபோல்டரில் இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில், டிஸ்க்கின் அடையாள எண்ணான யுயுஐடி கொண்டு மவுண்ட் செய்து, நோஏடைம் (noatime), நோஃபெயில் (nofail) இரண்டையும் சேருங்கள். நோஃபெயில் இல்லையென்றால், டிஸ்க் வராத ஒரு நாளில் பை எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். சேர்த்தாலோ வேறொரு பொறி காத்திருக்கிறது: டிஸ்க் மவுண்ட் ஆகாமலே, வீட்டுக் கணினிகளுக்குக் கோப்புகளைப் பகிரும் சாம்பா மென்பொருள் கிளம்பி, காலியான அந்த ஃபோல்டருக்குள், அதாவது எஸ்டி கார்டில், கோப்புகளை எழுதத் தொடங்கும். கார்டு நிரம்பும், டிஸ்க் திரும்பி வந்ததும் அந்தக் கோப்புகள் கண்ணுக்கே தெரியாது. இதைத் தடுப்பது எளிது. டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையில் அந்தக் காலி ஃபோல்டர் மேல் 'சேட்டர்' கட்டளையை பிளஸ் ஐ கொடுத்து (chattr +i) ஓட்டுங்கள். பிறகு டிஸ்க் இல்லாதபோது எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரால் கூட அங்கே எழுத முடியாது. பலரும் தவறவிடும் படி இது.

காப்பி நடுவில் நின்று நின்று போகிறதா? கர்னல் பதிவில் யுஏஎஸ் (uas), அபார்ட் (abort) என்ற சொற்கள் வருகின்றனவா? அப்படியானால் டிஸ்க்கை யுஎஸ்பியோடு இணைக்கும் கேஸின் சிப், யுஏஎஸ் என்ற வேகமான பரிமாற்ற முறைக்கு ஒத்துழைக்கவில்லை. எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளை அந்தக் கேஸுக்குக் காட்டும் எண்ணைக் குறித்து, சிஎம்டிலைன் (cmdline.txt) கோப்பில் யுஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவிர்க்ஸ் (usb-storage.quirks) என்ற அளவுருவில் அந்த எண்ணையும் அதன் பின் முக்காற்புள்ளி, யு எழுத்தையும் சேருங்கள். அந்தக் கோப்பு முழுக்க ஒரே வரியாக இருக்க வேண்டும். வேகம் கொஞ்சம் குறையும், கோப்பு பிழைக்கும்.

ரவுட்டரோடு லேன் கேபிளிலேயே இணையுங்கள்; யுஎஸ்பி 3 டிஸ்க் பக்கத்திலிருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தடுமாறும்.

யுஎஸ்பி வழியாக, இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்ட் வேண்டாம். ஒரு டிஸ்க் ஒரு நொடி விட்டுப்போனாலே முழுதும் மறுபடி ஒத்திசைக்க உட்காரும்; தவறி அழித்ததை இரண்டிலும் சேர்த்தே அழிக்கும். தினமும் இரவு ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் மூலம் இரண்டாம் டிஸ்க்குக்குப் பேக்கப் ஓடினால் போதும்.

பை 4-ல் கடிகார பேட்டரி இல்லை. கரண்டும் நெட்டும் சேர்ந்து போன நாட்களுக்குப் பிறகு பழைய தேதியோடு எழுந்து, பேக்கப்புகளைத் தவறான நாளில் பதியும். பேட்டரியோடு வரும் டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றைப் பின் 1, 3, 5, 9-ல் இணைத்து, கான்ஃபிக் (config.txt) கோப்பில் அதன் ஓவர்லேயை, அதாவது அதைப் பைக்கு அறிமுகப்படுத்தும் வரியை, சேருங்கள். 3.3 வோல்ட்டில்தான் இணைக்க வேண்டும்; 5 வோல்ட் கொடுத்தால் பையின் பின்களே கெடலாம்.

ஃபேன் உள்ள கேஸ் உப்பையும் தூசியையும் உள்ளே இழுத்து வரும். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்காகவே வேலை செய்யும் அலுமினிய கேஸ் வாங்கி, கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ப்பக்க அறையில் வையுங்கள். 80 டிகிரியைத் தொட்டால் பை வேகத்தைக் குறைக்கும். மே மாதத்தில் ஒருமுறை அளந்து பாருங்கள். கனெக்டர்களில் பச்சை படிந்தால் எல்லாவற்றையும் கழற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் மாட்டுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள சிறு மூச்சுத்துளையை டேப்பால் அடைத்துவிடாதீர்கள்.

2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என்று இந்தக் கரை பார்த்த புயல்களை நினைத்துப் பெட்டியைத் தரையில் வைக்க வேண்டாம். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் பேக்கப்பைக் கையால் ஓட்டி, ஷட்டவுன் செய்து, கரண்ட், லேன் இரண்டையும் பிடுங்கிவிடுங்கள். பேக்கப் டிஸ்க்கை ஜிப் கவரில் போட்டுப் பரணில் ஏற்றுங்கள்.

வீடே நனைந்தால்? நெய்வேலியிலோ திருச்சியிலோ உள்ள உறவினர் வீட்டில் இன்னொரு சிறு பெட்டி வையுங்கள். பல வீட்டு இணைப்புகளுக்குப் வெளியிலிருந்து நேரடியாக அடையக்கூடிய பொது ஐபி கிடைப்பதில்லை, அதனால் ரவுட்டரில் வழி திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. இரு பெட்டிகளையும் தனி வலையமைப்பில் இணைக்கும் டெயில்ஸ்கேல் அந்தச் சிக்கலைத் தாண்டும். முதல் காப்பியை உங்கள் வீட்டிலேயே எடுத்துவிட்டு டிஸ்க்கைக் கொண்டு போங்கள், பிறகு மாற்றங்கள் மட்டும் இரவில் போகும். ரெஸ்டிக் எல்லாவற்றையும் குறியாக்கம் செய்துதான் வைக்கும், கடவுச்சொல் தொலைந்தால் திறக்க வழியே இல்லை; அதைத் தாளில் எழுதி அந்த உறவினரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபோல்டரை அங்கிருந்து மீட்டெடுத்து, படங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.