பழைய கிடார், புதுப் பாட்டு: சண்டைக்கு முன் கேட்கும் முறை

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் ஞாயிறு இரவு உட்கார்ந்தால் தே தாரிக் ஆறுவதற்குள் இந்தச் சண்டை வந்துவிடும். "பழைய ராக் பாட்டை வெட்டிப் புதுப் பாட்டுல ஒட்டுனா அது திருட்டுண்ணே" என்பான் ஒரு தம்பி. "அந்தப் புதுசு இல்லன்னா பழசே எனக்குத் தெரியாது" என்பான் இன்னொருவன். இருபது வருடமாகக் கல்யாண வீடுகளில் கிடார் வாசிப்பதால் பஞ்சாயத்து என் தலையில் விழும்.

1997-இல் வந்த 'ஐல் பி மிஸ்ஸிங் யூ' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ராப் பாடகர் பஃப் டாடியும் பாடகி ஃபெய்த் எவன்ஸும் 112 குழுவோடு பாடியது. அடியில் ஓடும் கிடார், தி போலீஸ் ராக் குழு 1983-இல் வெளியிட்ட 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாட்டுடையது.

முதலில் பழசை முழுசாகக் கேளுங்கள். போன் ஸ்பீக்கர் வேண்டாம், அதில் பேஸ் செத்துவிடும், ஹெட்போன் போதும். பாதி வழியில் பாட்டு வேறு கார்டுக்கு (சுரக் கூட்டுக்கு) தாவி, குரல் உயர்ந்து, மறுபடி வீடு திரும்பும். அப்புறம் புதுசைப் போடுங்கள். அதே கிடார் துண்டு செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வரும். எனக்கு அங்கேதான் அலுப்பு.

ஆனால் அத்தோடு தீர்ப்புச் சொல்லாதீர்கள், வார்த்தைக்கு வாருங்கள். பழைய பாட்டில் ஒருவன் பிரிந்துபோனவளின் ஒவ்வொரு அடியையும் கண்காணிக்கிறான். காதல் இல்லை அது, பொறாமை. (மாலை மாற்றியதும் இதைத்தான் வாசிக்கச் சொல்கிறார்கள். முன்பணம் வாங்கிவிட்டேன், மாப்பிள்ளையிடம் அர்த்தம் சொல்வதில்லை.) புதியது, 1997 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்ட ராப் பாடகர் நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.க்கான ஒப்பாரி. கோரஸில் பழைய மெட்டையே பாடும் ஃபெய்த் எவன்ஸ் அவருடைய மனைவி. இது தெரிந்தபின் கேட்டால் திருட்டு என்ற சொல் வாயில் வர மறுக்கிறது.

கிடார் இருந்தால் அந்தத் துண்டை நீங்களே வாசித்துப் பாருங்கள். சுண்டுவிரலை நீட்டி நீட்டி மணிக்கட்டு வலிக்கும். அதை வாசித்தவர் தி போலீஸ் கிடார்காரர் ஆண்டி சம்மர்ஸ்.

கடைசியாக, பாடல் எழுதியவர் பெயரைத் தேடுங்கள். பழைய பாட்டில் தி போலீஸ் பாடகர் ஸ்டிங் பெயர் மட்டும்தான் இருக்கும். அந்தக் கிடாரை வாசித்த சம்மர்ஸ் பெயருக்கு அங்கே இடமில்லை. அந்தத் தம்பி திருட்டு என்று பஃப் டாடியைத் திட்டும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். போன வாரம் இதைச் சொன்னேன். "அப்ப கல்யாணத்துல வாசிக்கிறதுக்கு நீங்க யாருக்குண்ணே காசு கொடுக்கிறீங்க?" என்றான். தே தாரிக்குக்கு நான்தான் பணம் கொடுத்தேன்.