வீடு பார்க்கும் முன் அந்த ஏரியா எஃப்.ஐ.ஆரைப் பாருங்கள்

தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், கரண்ட் மீட்டர் தனியா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பவர்கள்கூட, திருட்டுப் பயம் உண்டா என்பதைப் புரோக்கரிடம் மட்டும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். "அமைதியான ஏரியா சார்" என்பதைத் தவிர அவர் வேறென்ன சொல்வார்? தமிழ்நாட்டில் இதை நாமே சரிபார்த்துக்கொள்ள வழி இருக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையைப் புரட்ட வேண்டாம். ஒரு லட்சம் பேருக்கு எத்தனை குற்றம் என்று மாநிலம், மாநகரம் அளவில்தான் அது சொல்லும். உங்கள் தெருவுக்கு உதவாது. அந்த எண்ணிக்கையை அப்படியே நம்பவும் முடியாது: 2020இல் தமிழ்நாட்டின் எண்ணிக்கை எகிறியது கொள்ளையர்களால் அல்ல. ஊரடங்கை மீறியவர்கள்மீது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவில் (அரசு உத்தரவை மீறுதல்) போட்ட வழக்குகள் அதில் கலந்திருந்தன.

நமக்கு வேண்டியது காவல் நிலைய அளவிலான எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை. பதிவான 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்துத் தேடலாம். பாலியல் குற்றங்கள், போக்சோ (சிறார்மீதான பாலியல் குற்றம்) வழக்குகள் பொதுவில் வராது. ஆகவே அந்த வகையில் ஒன்றும் காணோம் என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் எந்த நிலையம் என்று உறுதிசெய்யுங்கள். பின்கோடையோ வார்டையோ வைத்து ஊகித்தால் தவறிவிடும். சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு நிலையம், அந்தப் பக்கம் இன்னொன்று என்பது சாதாரணம். அருகிலுள்ள நிலையத்தில் தெருப் பெயரைச் சொல்லிக் கேட்டாலே போதும். சென்னைப் புறநகர் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள்: 2022 ஜனவரியில் தாம்பரமும் ஆவடியும் தனிக் காவல் ஆணையரகங்கள் ஆகிவிட்டன. செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் தேடிக் கிடைக்காத நிலையம் அங்கே இருக்கும்.

ஒவ்வொரு நிலையத்திலும் ஜனவரியில் எஃப்.ஐ.ஆர். எண் 1இல் தொடங்கும். டிசம்பரின் கடைசி எண்தான் அந்த ஆண்டின் மொத்தம். அது 600 என்று பார்த்துப் பதற வேண்டாம். மது விற்றது, குட்கா பிடித்தது, சீட்டாட்டம், ஆள் காணவில்லை, சந்தேக மரணம், சாலை விபத்து எல்லாம் அந்த எண்ணுக்குள் அடக்கம். அவற்றைக் கழித்துவிட்டு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் இந்தப் பிரிவுகளை மட்டும் எண்ணுங்கள்:

331(3), 331(4) – வீடு புகுதல், பூட்டு உடைத்தல். முன்னது பகல், பின்னது இரவு
305 – வீட்டுக்குள் திருட்டு
303(2) – சாதாரணத் திருட்டு. பைக் திருட்டு இதில்தான் வரும்
304 – செயின், செல்போன் பறிப்பு
309 – வழிப்பறி

2024 ஜூலை 1க்கு முந்தைய வழக்குகளில் பழைய இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவுகள் இருக்கும்; 304 நீங்கலாக மேலே உள்ள அதே வரிசையில்: 454, 457, 380, 379, 392. இங்கே பலரும் சறுக்குவது பறிப்பு விஷயத்தில். பழைய சட்டத்தில் செயின் பறிப்புக்கென்று தனிப் பிரிவு கிடையாது. 379இலோ 392இலோ போடுவார்கள். ஆகவே 2023இல் பறிப்பு பூஜ்யம், 2025இல் எட்டு என்று தெரிந்தால் அது திடீர் ஏற்றம் ஆகிவிடாது. பழைய வழக்குகளைத் திறந்து படித்தால்தான் ஒப்பிட முடியும்.

சும்மா எண்ணிவிட்டு மூடிவிடாதீர்கள், எஃப்.ஐ.ஆர். படிவத்தில்தான் சரக்கு இருக்கிறது. 3ஆம் கட்டத்தில் குற்றம் நடந்த நேரம், எப்போதிலிருந்து எப்போதுவரை என்று இருக்கும். வெள்ளி இரவு முதல் திங்கள் காலை வரை என்றால் ஊருக்குப் போனவர் வீடு. காலை 11 முதல் 1 வரை என்றால் பகலில் ஆளில்லாத வீடுகளை யாரோ நோட்டம் விடுகிறார்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இதுதான் முக்கியம். 5ஆம் கட்டம் நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்தத் திசை என்று சொல்லும். நிலைய எல்லை பெரிதாக இருக்கும், ஆகவே நீங்கள் பார்த்த வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் நடந்தவற்றை மட்டும் மேப்பில் குறியுங்கள். எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) பெயர், முகவரியோடு பதிவான வழக்குகளில் நிறைய சொந்தக்காரர், பக்கத்து வீட்டார் தகராறாக இருக்கும். உங்கள் கணக்குக்கு வேண்டியது "அடையாளம் தெரியாத நபர்" என்று வருபவை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு ஓட்டை உண்டு. செல்போன் போனது, சைக்கிள் போனது போன்ற புகார்களுக்குப் பல சமயம் சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான) ரசீதோடு அனுப்பிவிடுவார்கள், அது எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கையில் ஏறாது. அதனால் தெருவில் இறங்கி நடக்கத்தான் வேண்டும்.

பகல் 11 மணிக்கு ஒருமுறை, இரவு 9 மணிக்கு மேல் ஒருமுறை, பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை நடந்து போங்கள். எரியாத விளக்குக் கம்பங்கள், புதர் மண்டிய காலி மனைகள், டாஸ்மாக்கிலிருந்து திரும்பும் வழி எது என்பதையெல்லாம் கவனியுங்கள். தெரு ஒரு முனையில் முட்டுச்சந்தா, இல்லை இரு பக்கமும் பெரிய சாலையில் போய்ச் சேருகிறதா? பைக்கில் வந்து செயின் பறிப்பவனுக்குப் பிடித்தது இரண்டாவது வகை. கேமரா இருக்கிறது என்று காட்டினால், அதன் பதிவு எந்த வீட்டில் இருக்கிறது, எத்தனை நாள் தங்கும் என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆளில்லாவிட்டால் அது வெறும் பொம்மை.

இஸ்திரி வண்டிக்காரரும் பால் போடுபவரும் உண்மையைச் சொல்வார்கள், கேட்கிற விதத்தில் கேட்டால். "இங்கே திருட்டு நடக்குமா" என்றால் இல்லை என்றுதான் பதில் வரும். "ராத்திரி பைக்கை வெளியே நிறுத்தலாமா?", "விடியக்காலை கோலம் போடத் தனியாக வருவார்களா?" என்று கேளுங்கள்.

வீட்டுக்குள் முன்கதவைவிடப் பின்கதவையும் மொட்டைமாடிக் கதவையும் பாருங்கள். தேக்குக் கதவை முன்னால் போட்டுவிட்டு மாடியில் தகரக் கதவும் ஒற்றைத் தாழ்ப்பாளும் வைத்த வீடுகள்தான் அதிகம். நாதாங்கியின் திருகாணிகள் வெளியிலிருந்து தெரிந்தால் பூட்டு எவ்வளவு விலையானாலும் பயனில்லை. ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். ஜன்னல் கிரில் சுவரில் பதிந்திருக்க வேண்டும், மரச்சட்டத்தில் திருகியிருந்தால் நெம்பிவிடலாம். வெளியே தொங்கும் பூட்டு ஆளில்லை என்று ஊருக்கே சொல்லும்; கதவுக்குள்ளேயே பதிந்த பூட்டு இருக்கட்டும். முன்னால் குடியிருந்தவரிடம் எத்தனை சாவி இருந்ததோ யாருக்குத் தெரியும்? குடிபோகும் அன்றே பூட்டின் சிலிண்டரை மட்டும் மாற்றிவிடுங்கள், கதவை மாற்ற வேண்டியதில்லை.

ஊருக்குப் போகும்போது முகவரி, கிளம்பும் நாள், திரும்பும் நாள், சாவி யாரிடம் என்பதை எழுதி நிலையத்தில் கொடுத்தால் ரோந்து வருபவர்கள் பார்த்துக்கொள்வார்கள். திரும்பி வந்து பூட்டு உடைந்திருந்தால் உள்ளே போகாதீர்கள், எதையும் எடுத்து வைக்காதீர்கள். வாசலில் நின்றபடியே 100 அல்லது 112ஐ அழையுங்கள். கைரேகை நிபுணர் வரும்வரை பீரோக் கதவைக்கூடத் தொடக் கூடாது.