சிம்பொனிக்கு இன்னும் உயிர் இருக்கிறதா? நீங்களே கேட்டுப் பார்த்து முடிவு செய்ய ஒரு வழி

சிம்பொனி, அதாவது பெரும்பாலும் ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவுக்காக எழுதப்படும் நீண்ட மேற்கத்திய இசைப் படைப்பு, முடிந்துபோன சமாச்சாரம் என்று சொல்வது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி 1824இல் வியன்னாவில் கோரஸோடு அரங்கேறியது. அதோடு கடைசிச் சிம்பொனி எழுதியாகிவிட்டது என்று ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் 1849லேயே வாதிட்டார். அதற்கு அப்புறம்தான் பிராம்ஸ், புரூக்னர், மாலர், சிபேலியஸ், ஷோஸ்டகோவிச் என்று வரிசையாக வந்தார்கள். அதனால் ‘செத்துவிட்டது’ என்று யார் சொன்னாலும் ‘சாகாவரம் பெற்றது’ என்று யார் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்குக் கிட்டத்துக் காலத்தில் எழுதப்பட்ட இரண்டு மூன்றை முழுசாகக் கேளுங்கள், பிறகு நீங்களே சொல்லுங்கள். எதை, எந்த வரிசையில், எதைக் கவனித்துக் கேட்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மேற்கத்திய இசை படித்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒன்று. பெயரை வைத்தோ பாகங்களை எண்ணியோ சிம்பொனியைப் பிடிக்க முடியாது. ஹைடன் நூற்றுக்கும் மேல் எழுதினார், பெரும்பாலும் நான்கு பாகம். சிபேலியஸின் ஏழாவது, 1924இல் வந்தது, ஒரே பாகம், இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ரஷ்ய இசையமைப்பாளர் உஸ்ட்வோல்ஸ்கயாவின் நான்காவதில் ஒரு பாடகி, ஒரு டிரம்பெட், ஒரு பியானோ, ஒரு டாம்-டாம் (பெரிய வெண்கலத் தட்டு போன்ற காங்), அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஆனாலும் அவர் அதற்குச் சிம்பொனி என்றுதான் பெயர் வைத்தார். இன்னொரு பக்கம் ஜான் ஆடம்ஸின் ‘ஹார்மோனிலேரே’, 1985: பெரிய ஆர்கெஸ்ட்ரா, மூன்று பாகம், நாற்பது நிமிடம், பெயரில் மட்டும் சிம்பொனி இல்லை. எனவே ஒரே ஒரு கேள்வியோடு உட்காருங்கள்: ஆரம்பத்தில் கேட்ட ஒலி கடைசியில் என்ன ஆனது? நீண்ட நேரம் எடுத்துக்கொண்டு ஒரு ஒலியை வேறொன்றாக மாற்றிக் காட்டுவதுதான், என்னைக் கேட்டால், சிம்பொனியின் வேலை. அந்த வேலை இன்றைக்கும் நடக்கிறதா என்றுதான் பார்க்கப் போகிறோம்.

கேட்பதற்கு நல்ல ஹெட்போன் வேண்டும், அல்லது கனமான அடிச்சுருதி கேட்கிற ஸ்பீக்கர். போனை மேசையில் வைத்துக் கேட்டால் பாதி இசை காணாமல் போய்விடும், குறிப்பாக நான் முதலில் சொல்லப்போகும் படைப்பில். அதைப் பற்றிய குறிப்புகளை முன்கூட்டியே படிக்காதீர்கள், நடுவில் நிறுத்தாதீர்கள்.

ஹென்றிக் குரெட்ஸ்கியின் மூன்றாவது சிம்பொனியிலிருந்து தொடங்குங்கள். போலந்துக்காரர், 1976இல் எழுதினார். மூன்று பாகங்களுமே மெதுவானவை. முதல் பாகம் மட்டும் கிட்டத்தட்ட அரை மணி நேரம். டபுள் பேஸ் (வயலின் மாதிரியே, ஆனால் ஆள் உயர வாத்தியம்) மட்டும் மிகத் தாழ்ந்த சுருதியில் ஒரு மெட்டைத் தொடங்கும், ஆரம்பத்தில் வாசிக்கிறார்களா இல்லையா என்றே சந்தேகம் வரும். அது முடிகிற நேரத்தில் இன்னொரு வாத்திய வரிசை அதே மெட்டைச் சற்று மேலே இருந்து எடுக்கும், அப்புறம் இன்னொன்று அதற்கும் மேலே, செல்லோ, வியோலா, வயலின் என்று ஏறிக்கொண்டே போகும், மெட்டு மாறாது, ஆனால் அடர்த்தி கூடிக்கூடி ஒரு கட்டத்தில் அரங்கு முழுக்க நரம்பு வாத்தியங்களாக நிறைந்துவிடும். அப்போது எல்லாம் அடங்கி, ஒரு பெண் குரல் தனியாக வரும். அவர் பாடி முடித்ததும் அந்தப் பெரிய ஒலி திரும்ப எழுந்து, வந்த வழியே படிப்படியாக இறங்கி, மறுபடி டபுள் பேஸில் போய் நிற்கும். கடைசியில் கேட்பது முதலில் கேட்ட அதே மெட்டுதான். ஆனால் அந்தப் பாடல் நடுவில் வந்துவிட்டதால் அது வேறாகக் கேட்கிறது. இதை மூன்று நிமிடப் பாட்டில் செய்ய முடியாது, அந்த அரை மணி நேரம் தேவை. கேட்டு முடித்த பிறகு வரிகளைத் தேடிப் படியுங்கள். முதல் பாகத்தில் வருவது மகனை இழக்கும் மரியாளின் பழைய புலம்பல், இரண்டாவதில் வருவது 1944இல் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் சிறைச் சுவரில் ஒரு 18 வயதுப் பெண் ‘அம்மா அழாதே’ என்று எழுதிய வார்த்தைகள். டான் அப்ஷா பாடி 1992இல் வெளியான பதிவு பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. கேட்க ஆளில்லை என்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

அடுத்தது வேண்டுமென்றே கொஞ்சம் கடினமானது. லுட்டோஸ்லாவ்ஸ்கியின் மூன்றாவது, 1983இல் சிகாகோவில் அரங்கேறியது, அரை மணி நேரம். தொடக்கத்திலேயே ஒரே சுரத்தை நான்கு தடவை படபடவென்று அறைவார்கள். அதற்குப் பிறகு ஏதேதோ ஆரம்பிக்கும், சில இடங்களில் வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவரும் அவரவர் வேகத்தில் வாசிப்பார்கள், சேராத மாதிரி இருக்கும், உடனே அந்த நான்கு அடி வந்து வெட்டும். முதல் பாதி உங்களைக் காக்க வைப்பதற்காகவே எழுதப்பட்டது, அதனால் எரிச்சல் வந்தால் பயப்பட வேண்டாம், பொறுத்திருங்கள். முடிவில் அந்த நான்கு அடி திரும்ப வரும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கவனியுங்கள். எனக்கு அது கதவை மூடுகிற சத்தமாகக் கேட்கும்.

மூன்றாவது இடத்துக்கு ‘ஹார்மோனிலேரே’ அல்லது தாமஸ் ஆடெஸின் ‘அசைலா’, 1997. ஆடெஸின் மூன்றாவது பாகத்தில் இரவு நடன விடுதியின் டெக்னோ தாளத்தை முழு ஆர்கெஸ்ட்ராவும் கையால் வாசிக்கிறது, கால் ஆடாமல் இருக்காது.

சரி, ஒரு தடவை கேட்டாயிற்று. இதோடு தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். சில நாள் கழித்து அதையே மறுபடி கேளுங்கள், இந்தத் தடவை ஒரே ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள். அடுத்த தடவை வீடியோவில் பாருங்கள், யார் சும்மா இருக்கிறார்கள், யார் எண்ணிக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். குபைதுலினாவின் 1986ஆம் ஆண்டுச் சிம்பொனியில் ஒரு பாகம் முழுக்க ஆர்கெஸ்ட்ரா மௌனமாக இருக்கும், இசைக்குழுவை நடத்தும் கண்டக்டரின் கைகள் மட்டும் அசையும். பார்க்காமல் கேட்டால் பதிவு நின்றுவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள்.

இசையமைப்பாளர்களுக்கு இந்த வடிவம் இன்னும் முக்கியமா என்று பார்க்க, அவர்களுடைய பேட்டிகளைவிட இசைக்குழுக்களின் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். புதுப் படைப்பு என்றால் பெரும்பாலும் முதலில் வருகிற பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுதான், பிறகு ஒரு கன்சர்ட்டோ (தனி வாத்தியக்காரர் ஒருவர் ஆர்கெஸ்ட்ராவோடு வாசிப்பது), இடைவேளைக்கு அப்புறம் பழைய சிம்பொனி. நாற்பது நிமிடப் புதுப் படைப்பு என்றால் பாதி நிகழ்ச்சி போய்விடும், ஒத்திகை நாட்களும் போதாது. ஆகவே குறைவாக எழுதப்படுவதற்கு ஆசை இல்லாததுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், எழுதித் தரச் சொல்லிக் கேட்கிற ஆளும் ஒத்திகைக்கு நேரமும் இல்லை. வாய்ப்புக் கிடைத்தால் எழுதுகிறார்கள். பின்லாந்தின் லெய்ஃப் செகர்ஸ்டாம் 300க்கும் மேல் எழுதிவிட்டுப் போனார். 2025 மார்ச் 8இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை வாசித்தது. இத்தனை வருடம் படங்களுக்கு இசையமைத்தவர், காட்சி எதையும் சாராத ஒரு நீண்ட படைப்புக்குத் தேர்ந்தெடுத்த வடிவம் இது.

நேரில் போகும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். பாகங்களுக்கு நடுவே கைதட்டலாமா என்ற கவலையில் பலர் போவதே இல்லை. 1813இல் பேத்தோவனின் ஏழாவது அரங்கேறியபோது கூட்டம் இரண்டாம் பாகத்தை உடனே மறுபடி வாசிக்க வைத்தது, இந்த மௌன விதியெல்லாம் பின்னால் வந்தது. பக்கத்தில் இருப்பவர்கள் சும்மா இருந்தால் நீங்களும் இருங்கள், அவ்வளவுதான் விஷயம். சினிமா இசைக்கும் வீடியோ கேம் இசைக்கும் ஆர்கெஸ்ட்ரா கச்சேரி கேட்கப் போகிறவர்கள் ஏற்கெனவே பாதித் தூரம் வந்துவிட்டவர்கள், அந்த ஒலி அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. திரை இல்லாமல் அரை மணி நேரம் இருந்து பழகுவது மட்டும்தான் பாக்கி, அவர்களைக் கூட அழைத்துப் போங்கள்.

கடைசியாக, உண்மையிலேயே பயன்படுகிற ஒன்று. புதிய சிம்பொனிக்கு முதல் அரங்கேற்றம் பெரும்பாலும் எப்படியோ கிடைத்துவிடும், இரண்டாவது தடவை வாசிக்க வைப்பதுதான் கஷ்டம். முதல் அரங்கேற்றமே தள்ளிப்போனதும் உண்டு: ஷோஸ்டகோவிச்சின் நான்காவது 1936இல் ஒத்திகையோடு நின்று, 1961இல்தான் மேடை ஏறியது. அமெரிக்க இசையமைப்பாளர் ஃபுளோரன்ஸ் பிரைஸின் முதல் சிம்பொனியை 1933இல் சிகாகோ இசைக்குழு வாசித்தது, ஆனாலும் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பல 2009இல் ஒரு பாழடைந்த வீட்டிலிருந்துதான் கிடைத்தன. எனவே ஒரு புதுச் சிம்பொனி பிடித்திருந்தால் அந்த இசைக்குழுவுக்கு நாலு வரி எழுதுங்கள், எந்த இடம் பிடித்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள், மறுபடி எப்போது வாசிப்பீர்கள் என்று கேளுங்கள்.