பெயரிலிருந்து முகவரிக்கு: சி நிரல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வரின் பெயரைத் தந்தால் அதன் ஐபி முகவரியைத் தேடித் தரும் பழைய செயற்கூறு கெட்ஹோஸ்ட்பைநேம். புதிதாக எழுதும் சி நிரலில் அது வேண்டவே வேண்டாம். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் 2008 பதிப்பிலேயே அது நீக்கப்பட்டுவிட்டது. ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகளோடு நின்றுவிடுவது ஒரு குறை. அதைவிடப் பெரிய ஆபத்து, விடையைத் தனக்கே உரிய ஓர் இடத்தில் எழுதிவைத்து, அந்த இடத்தைச் சுட்டும் பாயிண்டரை மட்டும் நம்மிடம் தருவது. அடுத்த பெயரைக் கேட்டதும் முந்தைய விடையின் மேலேயே புதியது எழுதப்படலாம். பல த்ரெட்கள் (ஒரே நேரத்தில் இயங்கும் இழைகள்) ஓடும் நிரலில், ஒரு த்ரெட் தான் கேட்காத சர்வரோடு பேசத் தொடங்கிவிடும்.

ஐபி முகவரியை எழுத்து வடிவுக்கு மாற்றும் ஐநெட்_என்டோஏ செயற்கூறுக்கும் இதே குணம் உண்டு. ஒரே பிரிண்ட்எஃப் வரியில் அதை இரண்டு முறை அழைத்துப் பாருங்கள். 192.0.2.1, 192.0.2.7 என்று வர வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஒரே முகவரி இரண்டு முறை அச்சாகும். இரண்டு அழைப்புகளும் தந்தது ஒரே இடத்தின் பாயிண்டர். பிரிண்ட்எஃப் படிப்பதற்குள் பிந்திய அழைப்பு அங்கே எழுதிவிட்டது. லாக் கோப்பில் இப்படி ஒரு வரி இருந்தால், பிழை தேடுபவர் வீணாக நெட்வொர்க்கைச் சந்தேகிப்பார். அதற்குப் பதிலாக ஐநெட்_என்டோபியை அழையுங்கள். அது நாம் ஒதுக்கிய இடத்தில்தான் எழுதும். புதிய வகையான ஐபிவி6-க்கும் சேர்த்து 46 பைட் போதும்.

ஆகவே பெயரிலிருந்து முகவரி தேட கெட்அட்ர்இன்ஃபோவுக்கு மாறுங்கள். ஆனால் மாறியவர்களும் தவறுகிற இடம் ஒன்று இருக்கிறது. கெட்அட்ர்இன்ஃபோ தருவது ஒரு முகவரி அல்ல, முகவரிகளை ஒன்றோடொன்று கோத்த இணைப்புப் பட்டியல். பலர் முதல் முகவரியில் கனெக்ட் செய்து, அது தோற்றதும் 'சர்வர் கிடைக்கவில்லை' என்று முடித்துவிடுகிறார்கள். முதலில் வந்தது ஐபிவி6 முகவரியாக இருந்து, அந்தப் பாதை எங்கோ அடைபட்டிருந்தால், அடுத்திருக்கும் ஐபிவி4 முகவரி தொடப்படாமலேயே கிடக்கும். என்னைக் கேட்டால், மற்ற எல்லாத் தவறுகளையும்விடப் பயனரை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். ஒவ்வொரு முகவரிக்கும் புதிய சாக்கெட் (இணைப்பு முனை) திறந்து, பட்டியல் தீரும்வரை முயலுங்கள். பட்டியலின் தலையை வேறொரு பாயிண்டரில் வைத்துக்கொண்டு நடந்தால்தான், கடைசியில் பட்டியலின் நினைவகத்தை விடுவிக்கும் ஃப்ரீஅட்ர்இன்ஃபோவிடம் முழுமையாக ஒப்படைக்க முடியும்.

எந்த வகை முகவரி வேண்டும் என்று கெட்அட்ர்இன்ஃபோவுக்குச் சொல்லும் ஹின்ட்ஸ் கட்டமைப்பை மெம்செட் கொண்டு பூஜ்யமாக்க மறக்காதீர்கள். சாக்கெட் வகையையும் அதில் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வகைக்கும் ஒன்றாக ஒரே முகவரி திரும்பத் திரும்ப வரும்.

பிழை வந்தால், எர்நோ மாறியில் உள்ள பிழை எண்ணின் விளக்கத்தை அச்சிடும் பெரரை அழைப்பதும் பரவலான தவறு. கெட்அட்ர்இன்ஃபோ பிழை எண்ணைத் தானே திருப்பித் தருகிறது. அதன் விளக்கத்தை ஜிஏஐ_ஸ்ட்ரெரரிடம் கேட்க வேண்டும். இஏஐ_சிஸ்டம் என்ற பிழை எண் வந்தால் மட்டுமே எர்நோவைப் பார்ப்பதில் பொருள் உண்டு. இஏஐ_அகெய்ன் என்பது தற்காலிகத் தடங்கல். சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்கலாம். அதைப் 'பெயரே இல்லை' என்று பயனரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கெட்அட்ர்இன்ஃபோ அழைப்பு விடை வரும்வரை நிரலை நிறுத்திவைக்கும். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி இயல்பாக, பெயருக்கு முகவரி சொல்லும் ஒரு டிஎன்எஸ் சர்வரின் பதிலுக்கு 5 விநாடி காத்திருந்து, பிறகு இன்னொரு சுற்று முயலும். திரையை இயக்கும் த்ரெட்டில் இதை வைத்தால் அத்தனை நேரமும் திரை உறைந்து நிற்கும். தனி த்ரெட்டுக்கு மாற்றிவிடுங்கள்.