புதிய ஜனாதிபதிக்கு மக்கள் ஆணை உண்டா என்பதை எடைபோடும் முறை

ஜனாதிபதித் தேர்தலின் முடிவு அறிவிக்கப்பட்டவுடன் வென்றவரின் தரப்பு மக்கள் ஆணை தமக்குக் கிடைத்துவிட்டதாக முழங்குகிறது. தோற்ற தரப்போ நாட்டில் பாதிப் பேர்கூட அவருக்கு வாக்களிக்கவில்லை என்று மறுக்கிறது. திருகோணமலையில் வாழும் எங்களுக்கு இது வெறும் வாய்ச்சண்டை அல்ல. நாடு தெரிவு செய்பவரும் இந்த மாவட்டம் தெரிவு செய்பவரும் பல தடவைகள் வேறு வேறு ஆட்களாக இருந்திருக்கிறார்கள். ஆகவே யார் சொல்வதையும் அப்படியே ஏற்காமல், தேர்தல் ஆணைக்குழு வெளியிடும் முடிவுகளையும் வேட்பாளரின் விஞ்ஞாபனத்தையும் கையில் வைத்துக்கொண்டு நாங்களே எடைபோடக் கற்றுக்கொள்வது அவசியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் பதவியையும் ஆணையையும் பிரித்துப் பாருங்கள். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற்றவர் ஜனாதிபதியாகிறார். எவருக்கும் அது கிட்டாவிட்டால் முதல் இருவர் தவிர்ந்த ஏனையோரின் வாக்குச்சீட்டுகளில் உள்ள இரண்டாம், மூன்றாம் விருப்புகள் எண்ணப்படுகின்றன. இப்படி வென்றவரின் பதவி சட்டப்படி முழுமையானது. அதைக் குறைத்துப் பேச எவருக்கும் இடமில்லை. ஆனால் 2022 ஜூலை 20 அன்று ரணில் விக்கிரமசிங்க பாராளுமன்றத்தில் 134 வாக்குகளைப் பெற்று ஜனாதிபதியானபோதும் அவருடைய பதவி அதே அளவு சட்டபூர்வமானதாகவே இருந்தது. வாக்காளர் ஒருவரிடமாவது அப்போது கேட்கப்படவில்லை. பதவி இருந்தும் மக்கள் ஆணை இல்லாதிருக்க முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

அடுத்து எண்களுக்கு வாருங்கள். ஒரு சதவீதத்தைக் கேட்டவுடன் அது எதனுடைய சதவீதம் என்று கேளுங்கள். 2024 செப்டம்பர் 21 தேர்தலில் அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 5,634,915 வாக்குகளைப் பெற்றார். செல்லுபடியான வாக்குகளில் அது 42.31 சதவீதம். சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035 வாக்குகள் கிடைத்தன. விருப்பு வாக்குகள் எண்ணப்பட்ட பின் வென்றவரின் பங்கு 55.89 சதவீதம் எனக் குறிக்கப்பட்டது. அந்த 55.89 சதவீதம் இறுதிச் சுற்றில் எஞ்சிய இருவரின் வாக்குகளை மட்டும் கூட்டி, அதில் கணக்கிடப்பட்டதாகும். செல்லுபடியான 13,319,616 வாக்குச்சீட்டுகளுடன் அவருடைய இறுதித் தொகையான 5,740,179ஐ ஒப்பிட்டால் ஏறத்தாழ 43 சதவீதமே வருகிறது. ஏனைய வேட்பாளர்களுக்கு விழுந்த 33 இலட்சத்துக்கும் அதிகமான சீட்டுகளில் ஏறக்குறைய 273,000 மட்டுமே இந்த இருவரில் ஒருவருக்கு விருப்பு வாக்காக மாறின; பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை இருவருக்கும் எதையும் சொல்லாமலே நின்றுவிட்டன. இதிலிருந்து எடுக்கக்கூடிய நேர்மையான முடிவு, வேறெந்த வேட்பாளரையும்விட அதிகமானோர் அவரை விரும்பினார்கள், ஆனால் பெரும்பான்மையினர் அவரைத் தம் முதல் தெரிவாகக் கொள்ளவில்லை என்பதே.

பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகையான 17,140,354 உடன் ஒப்பிட்டு, மூன்றில் ஒருவர்தான் அவருக்கு வாக்களித்தார் என்று வாதிடுவோரும் உண்டு. கணக்கு சரியானது, அதை நிதானமாகவே பயன்படுத்த வேண்டும். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குத் தொழிலுக்குச் சென்றவர்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பில் இருக்கலாம், ஆனால் வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இலங்கையில் வழியில்லை. அவர்களுடைய மௌனத்தை எதிர்ப்பு என்று எழுதுவது தவறு, சம்மதம் என்று எழுதுவதும் தவறு. வாக்களிப்புத் தடுக்கப்பட்ட இடங்களில் மட்டும் மௌனத்துக்குத் தனியாக ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். 2005இல் மகிந்த ராஜபக்ச 50.29 சதவீதத்துடன், ஏறத்தாழ 181,000 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்; விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பினால் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. அந்த வெற்றியின் சட்டத்தகுதி குறையவில்லை. வடக்கின் ஆணையும் தமக்குண்டு என்று பேசும் உரிமை மட்டும் அதிலிருந்து பிறக்கவில்லை.

எண்களைவிட முக்கியமானது, மக்களிடம் என்ன கேட்கப்பட்டது என்பது. ஒரு காணியை விற்பதற்கு அற்றோணித் தத்துவம் பெற்றவர் குடியிருக்கும் வீட்டையும் சேர்த்து விற்க முடியாது, ஆணையும் அப்படித்தான். விஞ்ஞாபனத்தை வாசித்து, தேர்தலுக்கு முன் வெளிப்படையாகச் சொல்லப்பட்டவற்றை ஒரு பக்கத்திலும், பதவியேற்ற பின் செய்யப்பட்டவற்றை மறுபக்கத்திலும் எழுதுங்கள். 2019இல் 6,924,255 வாக்குகள், அதாவது 52.25 சதவீதம் பெற்ற கோட்டாபய ராஜபக்சவின் காலம் இதற்கு நல்ல பயிற்சி. வற் வரியை 8 சதவீதமாகக் குறைப்பது முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. அதன் விளைவு கெடுதலாக இருந்தாலும் அதற்கு ஆணை இருந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரசாயன உரமோ வேறு கதை. பத்து ஆண்டுகளில் படிப்படியாகச் சேதன விவசாயத்துக்கு மாறுவதாக வாக்குறுதி அளித்துவிட்டு, 2021 மே மாதத்தில் இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தார்கள். கந்தளாயிலும் சேருவிலயிலும் வயல் செய்த எவரிடமும் அந்தத் தடைக்கு ஒப்புதல் கேட்கப்படவில்லை. திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகள், சம்பூர் மின்திட்டம், துறைமுகம் பற்றிய ஒப்பந்தங்கள் வரும்போதெல்லாம் இதே கேள்வியைக் கேளுங்கள்: இது எங்கே, எந்த வாக்காளருக்கு முன்கூட்டிச் சொல்லப்பட்டது?

பின்னர் மாவட்ட முடிவைத் தொகுதி தொகுதியாகப் பாருங்கள். எங்கள் மாவட்டத்தில் சேருவில, திருகோணமலை, மூதூர் என மூன்று தேர்தல் தொகுதிகள் உள்ளன. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகியோரின் விகிதம் தொகுதிக்குத் தொகுதி வேறுபடுவதால், மாவட்டச் சதவீதம் ஒன்றை மட்டும் பார்த்தால் பல செய்திகள் மறைந்துவிடும். 2019இல் நாட்டில் தோற்ற சஜித் பிரேமதாச இங்கே பத்தில் ஏழு வாக்குகளைப் பெற்றார். 2024 செப்டம்பரிலும் அவரே முதலிடம். நாட்டில் வென்ற அநுர குமார திசாநாயக்கவுக்கு இங்கே கிடைத்தது ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரனுக்கும் ஒரு பங்கு வாக்குகள் சென்றன. இரண்டு மாதங்களுக்குள், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் அதே ஜனாதிபதியின் தேசிய மக்கள் சக்தி இந்த மாவட்டத்தில் முதலிடம் பெற்று நான்கு ஆசனங்களில் இரண்டை எடுத்தது; நாடு முழுவதும் 159 ஆசனங்கள். ஆகவே செப்டம்பர் முடிவை மட்டும் காட்டி இந்த மாவட்டம் அவரை நிராகரித்தது என்பதும், நவம்பர் முடிவை மட்டும் காட்டி எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கொடுத்தது என்பதும் அரைக் கணக்குகள். நவம்பரில் நாடளாவிய வாக்களிப்பு 69 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக விழுந்ததையும் அதனருகே எழுதிவையுங்கள்.

ஒன்றைத் தவறவிடக் கூடாது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தல் வரை மறுதேர்தல் நடக்கவில்லை. அந்த ஆண்டுகளில் மாகாணத்தின் நிர்வாகம், ஜனாதிபதியால் நியமிக்கப்பட்ட ஆளுநரின் கையில், இதே திருகோணமலை நகரிலிருந்து நடந்தது. நாட்டுக்காகப் பெற்ற ஆணை, மாகாண மக்கள் தாமே தெரிவு செய்ய வேண்டிய இடத்தையும் நிரப்பிவிட்டது. ஒரு ஜனாதிபதி தமக்குப் பலமான ஆணை இருப்பதாகச் சொன்னால், மாகாணத் தேர்தலை எப்போது நடத்துகிறார் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பெரிய ஆணைக்கும் எல்லை உண்டு. அடிப்படை உரிமைகளை மீற எந்த வாக்கு எண்ணிக்கையும் இடந்தராது. அரசியலமைப்பின் சில உறுப்புரைகளை மாற்றப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும்.

இந்தக் கணக்கை நீங்கள் ஆதரித்தவருக்கும் எதிர்த்தவருக்கும் ஒரே அளவுகோலால் போடுங்கள். அதற்கு எளிய வழி, அடுத்த தேர்தலின் முடிவு வருமுன்பே அளவுகோலை எழுதிவைப்பது: எந்தத் தொகையின் சதவீதத்தைப் பார்ப்பேன், விஞ்ஞாபனத்தின் எந்த வாக்குறுதிகளைப் பின்தொடர்வேன், எங்கள் தொகுதியின் எந்த எண்ணைக் கவனிப்பேன் என்று. விஞ்ஞாபனங்களின் தமிழ்ப் பிரதிகளையும் அப்போதே எடுத்து, ஊர் வாசிகசாலையில் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிடுங்கள்.