சிங்காரச் சென்னை அட்டை: விடுமுறைக்கு வருவோர் பயணச் செலவைக் குறைக்க ஒரு வழிகாட்டி

லண்டனில் ஆய்ஸ்டர் அட்டைக்கும், சிங்கப்பூரில் ஈஸிலிங்க் அட்டைக்கும், டொராண்டோவில் பிரெஸ்டோ அட்டைக்கும் பழகியவர்கள் சென்னைக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, இங்கே அப்படி ஓர் அட்டை உண்டா என்பதுதான். உண்டு. பாரத ஸ்டேட் வங்கியும் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனமும் சேர்ந்து 2023 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய சிங்காரச் சென்னை அட்டை, 2025 ஜனவரி முதல் மாநகரப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளிலும் செல்லுபடியாகிறது. ஆனால் அந்த ஊர் அட்டைகள் செய்யும் எல்லாவற்றையும் இதுவும் செய்யும் என்று எண்ணிக்கொண்டு வந்தால் ஏமாற்றமே மிஞ்சும். லண்டனில் ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். டொராண்டோவில் இரண்டு மணி நேரத்துக்குள் வண்டி மாறினால் மறுபடி கட்டணமில்லை. சென்னையில் இவ்விரண்டும் கிடையாது. ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாகப் பணம் கழியும். ஆகவே அட்டையால் எங்கே மிச்சம், எங்கே வசதி மட்டும் என்பதைப் பிரித்து அறிந்துகொள்வது நல்லது.

மிச்சம் மெட்ரோவில்தான். மெட்ரோ கட்டணம் தொலைவைப் பொறுத்துக் குறைந்தபட்சம் 10 ரூபாயிலிருந்து அதிகபட்சம் 50 ரூபாய் வரை உள்ளது. அட்டையைத் தட்டிச் சென்றால் அதில் 20 விழுக்காடு தள்ளுபடி. 50 ரூபாய்த் தொலைவுக்கு 40, 40 ரூபாய்த் தொலைவுக்கு 32 என்று கணக்கு. நான்கு பேர் கொண்ட குடும்பம் நீண்ட தொலைவு போய்த் திரும்பினால் 80 ரூபாய் மிச்சமாகும். கைபேசியில் எடுக்கும் கியூஆர் சீட்டுக்கும் இதே தள்ளுபடி உண்டு என்பதால், கைபேசி வழியே வங்கிக் கணக்கிலிருந்து பணம் செலுத்தும் யுபிஐ வசதி உள்ளவர்களுக்கு அட்டை கட்டாயம் இல்லை. கவுன்டரில் வரிசையில் நின்று ரொக்கம் கொடுத்து எடுப்பவர்தான் முழுக் கட்டணம் கட்டுகிறார். வெளிநாட்டிலிருந்து வருவோரில் பலர் இந்த மூன்றாம் வகையில் விழுவதற்குக் காரணம், அவர்களிடம் யுபிஐயும் இல்லை, அட்டையும் இல்லை என்பதே. அவர்களுக்குத்தான் இந்த அட்டை உண்மையில் பயன்படும்.

அட்டையை மெட்ரோ நிலையக் கவுன்டர்களிலும், முக்கியப் பேருந்து நிலையங்களில் உள்ள மாநகரப் போக்குவரத்துக் கழகப் பயணச்சீட்டு மையங்களிலும் பெறலாம். பதிவின்போது கைபேசி எண் கேட்பார்கள். இந்திய எண் இல்லாதவர்கள் ஊரில் உள்ள அண்ணனையோ மாமாவையோ உடன் அழைத்துப் போனால் வேலை எளிதாக முடியும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. மெட்ரோ வாயிலில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அதே அட்டையைத் தட்டியாக வேண்டும் என்பதால், ஒரே அட்டையில் நான்கு பேர் நுழைய வழியில்லை. 90 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மெட்ரோவில் கட்டணமே இல்லை.

முந்தைய விடுமுறையில் வாங்கிய பழைய மெட்ரோ பயண அட்டை பலர் வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கும். அந்த அட்டைக்குப் பணம் ஏற்றுவது 2025 ஆகஸ்ட் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதைக் கையோடு எடுத்து வந்து நிலையக் கவுன்டரில் விசாரித்து, புதிய அட்டைக்கு மாறிக்கொள்வதே வழி.

சிங்காரச் சென்னை அட்டை, தேசியப் பொதுப் பயண அட்டை என்ற திட்டத்தின் கீழ் வருகிறது. இதில் ஏற்றப்படும் பயணப் பணம் அட்டையின் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. தட்டும் நொடியில் வங்கிக் கணினியைக் கேட்காமலே கழிந்துவிடும். வாயில் வேகமாகத் திறப்பதற்குக் காரணம் இதுதான். இதன் மறுபக்கமும் உண்டு. ரகசிய எண் எதுவும் தேவைப்படாததால், தொலைந்துபோன அட்டை யார் கைக்குப் போகிறதோ அவர் அந்தப் பணத்தைச் செலவழித்துவிடலாம். அதோடு, இணையத்தில் பணம் ஏற்றினால் அது உடனே சில்லுக்குள் போய்விடாது. நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் ஒருமுறை அட்டையை வைத்துப் புதுப்பித்த பிறகே இருப்பில் சேரும். கனடாவில் இருக்கும் மகன் இணையத்தில் 500 ரூபாய் போட்டுவிட்டான் என்று நம்பி, அம்மா நேராகப் பேருந்தில் ஏறி அட்டையை நீட்டினால் இருப்பு இல்லை என்றுதான் வரும். இரண்டு வார விடுமுறைக்கு 300, 400 ரூபாயாக அவ்வப்போது கவுன்டரிலேயே ஏற்றிக்கொள்வது என் கணிப்பில் நிம்மதியான வழி.

பேருந்தில் நடைமுறை வேறு. ஏறும் வாசலில் தட்டும் கருவி எதுவும் இருக்காது. நடத்துநரிடம் இறங்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். அவர் கையிலுள்ள கருவியில் நிறுத்தத்தைத் தேர்ந்தெடுத்து நீட்டுவார். அதன்மேல் அட்டையை ஒரு கணம் அசைக்காமல் வைத்தால் சீட்டு அச்சாகி வரும். கூட்டமான வண்டியில் ‘கார்டு’ என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் அவர் ரொக்கச் சீட்டு கிழித்துவிட்டு, ‘சில்லறையா குடுங்க’ என்று கையை நீட்டிக்கொண்டு நிற்பார். மெட்ரோவில் கிடைப்பதுபோல் பேருந்தில் அட்டைக்கெனத் தள்ளுபடி கிடையாது. இங்கே அட்டை தீர்ப்பது சில்லறைத் தொல்லையை மட்டுமே. விமான நிலையத்தில் மாற்றிய 500 ரூபாய்த் தாளை 11 ரூபாய்ச் சீட்டுக்கு நீட்டிப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தொல்லை என்பது தெரியும்.

பேருந்துச் செலவைக் குறைப்பது அட்டை அல்ல, முன்புறப் பலகையைப் பார்த்து ஏறும் பழக்கம். ஒரே தடத்தில் சாதாரணப் பேருந்தும் சொகுசுப் பேருந்தும் மாறி மாறி வரும். ‘ஒயிட் போர்டு’ என்று ஊரார் சொல்லும் சாதாரணப் பேருந்தில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். குளிர்சாதனப் பேருந்தில் அது 15 ரூபாய். அந்தச் சாதாரணப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அடையாளம் தெரிவதற்காகப் பல வண்டிகளின் முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசியிருக்கிறார்கள். இந்த வசதி சென்னையோடு நிற்பதில்லை. மதுரை, கோவை, திருச்சி போன்ற ஊர்களின் சாதாரண நகரப் பேருந்துகளிலும் உண்டு. கட்டணம் இல்லாவிட்டாலும் நடத்துநர் தரும் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மூத்த குடிமக்களுக்கு மாநகரப் பேருந்துகளில் கொடுக்கப்படும் இலவச டோக்கன் சென்னையில் வசிப்போருக்கானது. விருந்தாளியாக வரும் தாத்தாவுக்கு அது கிடைக்காது.

ஒரு மாதம் முழுவதும் தங்கி, நாள்தோறும் பல பேருந்துகளில் ஏறி இறங்குவோர் 1000 ரூபாய் மாதப் பயண அட்டையைப் பற்றி யோசிக்கலாம். குளிர்சாதனப் பேருந்தும் சேர்த்து வேண்டுமென்றால் 2000 ரூபாய். நாளொன்றுக்குச் சராசரியாக 33 ரூபாய்க்கு மேல் பேருந்துக்கே செலவழிப்பவருக்குத்தான் முதலாவது கட்டுபடியாகும். கல்யாணம், கோயில், தி.நகர் என்று வாரத்துக்கு நாலு நாள் வெளியே போகிறவர்களுக்கு அது வீண்.

புறநகர் மின்சார ரயிலில் சிங்காரச் சென்னை அட்டை செல்லாது. அதற்குத் தனியாகச் சீட்டு எடுக்க வேண்டும்; குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய் என்பதால் தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு இது மலிவான வழி. விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் நிலையம் இருக்கிறது. மெட்ரோவிலிருந்து மின்சார ரயிலுக்கு மாற கிண்டி, பரங்கிமலை, எழும்பூர் ஆகியவை வசதியான இடங்கள். 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் சீட்டு எடுக்கலாம். இங்கே வங்கிக் கணக்கு வைத்திருக்கும் வெளிநாட்டு இந்தியர்களில், சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமீரகம் உள்ளிட்ட சில நாடுகளின் கைபேசி எண் உள்ளவர்கள் யுபிஐயை அந்த எண்ணிலேயே இயக்க அனுமதி உண்டு. அப்படி அமைத்துக்கொண்டவர்களுக்கு அட்டையைவிடச் செயலியே சுலபம் என்பேன்.

வந்து இறங்கும் நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணியளவில் நின்றுவிடுகிறது. நள்ளிரவில் இறங்கும் விமானங்களில் வருவோருக்கு அட்டையால் அன்றைக்குப் பயனில்லை, ப்ரீபெய்டு டாக்சிதான். தெற்கு மாவட்டங்களுக்கு நேரே பேருந்தில் போக நினைப்பவர்கள், 2023 இறுதியில் கிளாம்பாக்கத்தில் திறக்கப்பட்ட புதிய பேருந்து முனையத்துக்குப் போக வேண்டும். பழைய நினைவில் மெட்ரோ ஏறிக் கோயம்பேட்டில் இறங்கிவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

இதே அட்டை பெங்களூரு, தில்லி மெட்ரோக்களிலும் தட்டினால் திறக்கும் என்பதால், பயணத்தில் அந்த ஊர்களும் இருந்தால் அங்கே தனியாக வாங்க வேண்டாம். திரும்பிப் போகும் வாரத்தில் பணம் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, இருப்பைக் கரைத்துவிட்டு, அட்டையை ஊரிலேயே யாரிடமாவது கொடுத்துவைத்தால் அடுத்த முறை கவுன்டர் வரிசை மிச்சம்.